பதின்மூன்றாம் மாடிப் பூவாளி

அத்தியாயம் 3

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் ஊரில் இரண்டே வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இரண்டு, போன் சார்ஜரைத் தொலைத்தவர்கள்.

பதினெட்டு மாடிக் குடியிருப்பு. பதினான்காவது மாடியில் ஒரு வீட்டின் ஹால் எரிகிறது. தப்பி ஓடுவதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று யாரோ ஒரு கடமை தவறாத குடிமகன் எடுத்த படம். தீயணைப்புக் குழுவை நடத்தி வந்த ஃபயர்மேன் ஹோஸைத் தூக்கிப் பிடித்து நெருப்பின் எதிரே நிற்கிறார். தண்ணீர் வருகிறது. வருகிறது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ஹோஸின் வாயிலிருந்து எட்டிப் பார்த்து, எதிரே நெருப்பைக் கண்டு மனம் மாறி, அவருடைய பூட்ஸ் மீதே குடை விரித்தாற்போல் விழுகிறது. அவர் ஹோஸைச் சகாவிடம் கொடுத்துவிட்டுப் பதின்மூன்றாம் மாடிக்கு இறங்கி ஓடுகிறார். சுவரோரம் இருந்த வால்வை ஸ்பேனரால் இரண்டு போடு போடுகிறார். டங். டங். அத்துடன் வீடியோ முடிந்துவிடும்.

அதன் பிறகு அவர் ஹோஸைக் கழற்றிப் பன்னிரண்டாம் மாடி வால்வில் மாட்டி, நெருப்பை அணைத்து, எல்லோரையும் ஒரு கீறல் இல்லாமல் கீழே இறக்கினார். அதை யாரும் படம் எடுக்கவில்லை. வேலை ஒழுங்காக நடப்பதை யார் பார்ப்பார்கள்?

மறுநாளிலிருந்து அவருக்குப் பூவாளி என்று பெயர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அந்தப் பூவாளி. நகைச்சுவை உணர்வு மிகுந்த பொதுமக்கள் ஃபயர் ஸ்டேஷன் கேட்டில் பிளாஸ்டிக் பூவாளிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். ஸ்டேஷன் ஸ்டோர் ரூமில் இப்போது ஹோஸ் வைக்க இடமில்லை. நாமும் அவரை அப்படி அழைப்பது நியாயமல்ல. ஃபயர்மேன் என்றே சொல்வோம். நாலு மணி வரைக்குமாவது.

நாலு மணிக்குத்தான் விசாரணை. அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர் புகார் கொடுத்திருந்தார்: கட்டடத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, வால்வைத் திறக்கத் தெரியாதவரை அனுப்பிவிட்டார்கள். அது உண்மை என்று முடிவானால் ஃபயர்மேனுக்கு வேலை போகும். மிஞ்சுவது பெயர் மட்டும். அதுவும் அந்தப் பெயர்.

அதனால்தான் அவர் அண்ணியைத் தேடி வந்தார்.

அண்ணி துப்பறியும் நிறுவனம் நடத்துபவர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது மின் கட்டண ரசீதில் மட்டும் உயிர் வாழ்கிறது. அவருடைய உதவியாளன் கணவரின் தம்பி. அவன் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்டர் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். உதவியாளனைக் கொழுந்தன் என்பார்கள். அவனுக்கு வாய் நீளம். மற்றதெல்லாம் நடுத்தர அளவு.

மூவரும் கட்டடத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. வரவேற்பறை நகைக்கடைக்கும் அரண்மனைக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. கதவின் கைப்பிடி மின்னியது. படியின் கைப்பிடி மின்னியது. குப்பைத் தொட்டியின் மூடிகூட மின்னியது. கொழுந்தன் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"உள்ள வந்து போடறியே தம்பி."

"வெளியில வெயில் கம்மி அண்ணி."

நடுவே கண்ணாடிப் பெட்டியில், தனக்கென்று ஒரு விளக்கோடு, சிறந்த பராமரிப்புக்கான கோப்பை. அதற்கு மேலே ஆளுயரப் புகைப்படம். படத்தில், நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பித்தளை வால்வுகளை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பின்னால் சங்கத் தலைவர் கைகட்டி நின்றார், அத்தனையையும் தானே பெற்றெடுத்த மாதிரி. அண்ணி அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"வருக, வருக." தலைவர் லிஃப்டிலிருந்து வெளிப்பட்டார். "உண்மையை அறிய விழையும் உள்ளங்களை இக்கட்டடம் என்றென்றும் இருகரம் நீட்டி வரவேற்கும்."

"மைக்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்காரு?" என்று கொழுந்தன் சுற்றிலும் தேடினான்.

"அழகா இருக்கு போட்டோ," என்றார் அண்ணி. "எல்லாம் இந்தக் கட்டடத்து வால்வா?"

"ஒவ்வொன்றும். கோப்பைக்கான ஆய்வுக் குழு வருகை தருவதை முன்னிட்டு, தளந்தோறும் இருந்த வால்வுகளைக் கழற்றி, மெருகூட்டி, மீண்டும் பொருத்தினோம். குழந்தைகளைப் போல் பேணப்பட்டவை. அத்தகைய வால்வை இவர்..." தலைவர் ஃபயர்மேனைப் பார்க்காமல் அவரிருந்த திசையைச் சுட்டினார். "இரும்பால் தாக்கினார். இரண்டு பள்ளங்கள். அன்றே என் விரலால் தடவிப் பார்த்தேன். என் நெஞ்சிலேயே விழுந்தாற்போல் இருந்தது."

"நீங்களே தடவிப் பார்த்தீங்களா?"

"நானே. விசாரணையிலும் கூறுவேன்."

"கண்டிப்பா சொல்லுங்க," என்றார் அண்ணி. "மறந்துடாதீங்க."

பதின்மூன்றாம் மாடியின் படிக்கட்டு ஓரம், தரையைத் துளைத்துக்கொண்டு வந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போனது ஒரு கனத்த சிவப்புக் குழாய். இடுப்பளவு உயரத்தில் அதிலிருந்து வால்வு நீட்டிக்கொண்டிருந்தது. மேலே திருப்பும் சக்கரம், முன்னால் ஹோஸ் மாட்டும் வாய். தலைவர் முகம் அதில் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு மடங்கு அகலமாகவும்.

"எரியற மாடிக்கு ஒரு மாடி கீழே மாட்டறதுதான் எங்க வழக்கம்," என்று ஃபயர்மேன் பையை இறக்கினார். "புகை இருக்காது, நிதானமா மாட்டலாம். அதான் பதினாலுக்குப் பதின்மூணுல மாட்டினேன்."

"தண்ணி ஏன் வரலை?" என்றார் அண்ணி.

"அதுதான் அண்ணி எனக்குத் தூக்கம் கெட்டுப் போச்சு. கீழ இருக்கற பம்பு பதினெட்டாவது மாடிக்கு ஏத்தணும்னா மூச்சைப் பிடிச்சுத் தள்ளும். அந்த வேகம் தரைத் தளத்துல அப்படியே வெளிய வந்தா, ஹோஸ் பிடிக்கறவன் பறந்துடுவான். அதனால ஒவ்வொரு வால்வுக்குள்ளயும் அழுத்தத்தைக் குறைக்கற ஒரு அமைப்பு இருக்கு. கீழ் மாடின்னா நல்லா நெரிச்சு விடும். மேல போகப் போக விட்டுக் கொடுக்கும். எந்த மாடிக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் கம்பெனியிலயே வெச்சு அனுப்புவாங்க."

"எங்க வீடு மாதிரி," என்றான் கொழுந்தன். "மூத்த பிள்ளையை நெரிப்பாங்க. கடைக்குட்டிக்கு விட்டுக் கொடுப்பாங்க."

"நீதானே கடைக்குட்டி?"

"அதான் அண்ணி தைரியமா சொல்றேன்."

"வெளியிலேர்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியுமா?" என்று அண்ணி ஃபயர்மேனிடம் திரும்பினார்.

"மாடி நம்பர் தகடு இல்லேன்னா ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒரே அச்சு. சில ரகத்துல வெளிய ஒரு திருகு இருக்கும், அதுக்கான சாவி என் பையிலயே இருக்கு, அங்கயே தளர்த்திடலாம். இது பூட்டின ரகம். எரியற வீட்டுக்குக் கீழ உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. ஒரு வால்வு சரியில்லையா, கழட்டு, அடுத்த மாடிக்கு ஓடு. அதான் எங்க பாடம். அதைத்தான் செஞ்சேன்."

"நடுவுல ரெண்டு போடு?"

"அது பாடத்துல இல்லை." ஃபயர்மேன் தலையைக் குனிந்தார். "அது கோபம்."

அவர் வால்வின் வாயில் வட்டமான அழுத்தமானியை மாட்டி, அதற்கு முன்னால் ஹோஸை மாட்டி, ஹோஸின் முனையைப் படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பின்பக்கம் நீட்டினார். "தண்ணி ஓடாம முள் காட்டற எண்ணை நம்பவே கூடாது. ஓட விட்டுப் பார்க்கணும்," என்றவர் கொழுந்தனை ஹோஸைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார்.

ஹோஸ் திடீரென்று எலும்பு முளைத்த மாதிரி விறைத்தது. ஜன்னலிலிருந்து தண்ணீர் வெள்ளைத் தூணாகச் சீறிப் பாய்ந்து, எதிர்ச் சுவரைத் தாண்டி, பின்பக்க நிறுத்துமிடத்தில் தனியாக நின்ற ஒரு ஸ்கூட்டரைப் படுக்க வைத்தது.

"யாருடைய வண்டி அது?" என்றார் அண்ணி.

"இப்போ வரைக்கும் என்னுது," என்றான் கொழுந்தன்.

அழுத்தமானியின் முள் நிற்க வேண்டிய எண்ணில் அசையாமல் நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவர் மெல்லக் கைதட்டினார். "காணுங்கள். குறை வால்விலா, வால்வைத் திறந்த கரத்திலா? நாலு மணிக்கு அதிகாரியின் முன்னிலையில் இதே காட்சி மீண்டும் அரங்கேறும்." அவர் லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் கதவு, தன் கடமையை உணர்ந்து, மின்னியபடி மூடியது.

ஃபயர்மேன் வால்வை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஹோஸிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான்தான் சரியாத் திறக்கலையா அண்ணி? அவசரத்துல பாதி திருப்பிட்டு முழுசாத் திருப்பினதா நினைச்சுட்டேனா? என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து, 'உனக்குத் தண்ணி விடத் தெரியாதாப்பா'ன்னு கேட்டா. தெரியும்னு சொன்னேன். இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு."

அண்ணி வால்வின் பக்கம் குனிந்தார். வால்வைச் சுற்றி, பாத்திரக் கடையில் சொம்பு வாங்குபவர் மாதிரி, விரலால் தடவிக்கொண்டு வந்தார். பக்கம், அடி, கழுத்து. இன்னொரு சுற்று.

"எத்தனை போடு போட்டீங்க?"

"ரெண்டு. பலமா. இந்த இடத்துல."

"பள்ளம் எங்கே?"

ஃபயர்மேன் எழுந்து வந்து பார்த்தார். பித்தளை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அவர் வால்வைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"இது அந்த வால்வு இல்லை," என்றார்.

"இல்லை. அந்த வால்வுக்கு ரெண்டு பள்ளம் இருக்கு. அதுக்குத் தலைவரே சாட்சி." அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒவ்வொரு மாடியா போய், பள்ளம் விழுந்த வால்வு எதுன்னு தடவிப் பார்த்துட்டு வா."

"லிஃப்ட்ல போகலாமா?"

"வால்வு படிக்கட்டுலதான் இருக்கு."

"நான் எம்.ஏ. படிச்சவன் அண்ணி."

"அப்போ படி உனக்குப் புதுசு இல்லையே. கிளம்பு."

அண்ணி கீழே இறங்கித் தோட்டப் பக்கம் போனார். கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி நீளமாக ரோஜாப் பாத்தி. தோள் உயரத்துக்கு வளர்ந்து, தண்டு தடித்த செடிகள். நடுவில் மட்டும், யாரோ அளந்து வெட்டிய மாதிரி, விசிறி வடிவத்தில் ஓரிடம். அங்கே புதிதாக நட்ட கன்றுகள், ஆளுக்கு நாலு இலையோடு, பள்ளிக்கூடத்து முதல் நாள் குழந்தைகள் மாதிரி நின்றன. விசிறியின் காம்பு கட்டடத்துச் சுவரில் போய் முட்டியது. அங்கே அடர்த்தியாக ஒரு கொடி. கொடிக்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்தது.

குழாயின் மறுமுனையில், மண் அப்பிய கையுறையோடு ஒரு பெண்மணி கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க மட்டும் ஏன் குட்டிச் செடியா இருக்கு? மாடு மேய்ஞ்சுடுச்சா?" என்று அண்ணி பேச்சுக் கொடுத்தார்.

"மாடு விசிறி மாதிரி மேயுமா? அதை ஏன் கேக்கறீங்க. நாலு வருஷம் வளர்த்த செடிங்க. ஒரு நாள் வழக்கம்போலத் திறந்தேன். குழாய் என் கையை உதறிட்டுப் பேயாட்டம் ஆடுச்சு. பாதிச் செடி வேரோட போய் அந்தக் காம்பவுண்டு சுவர்ல ஒட்டிக்கிச்சு."

"எப்போலேர்ந்து?"

"கோப்பை வாங்கறேன்னு எல்லாத்தையும் கழட்டித் தேய்ச்சாங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. நான் வருஷக்கணக்கா அந்தச் செவப்புக் குழாய் வால்வுலதான் தண்ணி எடுக்கறேன். அதுவரைக்கும் ஒரு நாளும் அப்படி வந்தது இல்லை."

"இப்போ நல்லா வருதே."

பெண்மணியின் முகம் மலர்ந்தது. குழாயை உயர்த்திப் பிடித்தார். தண்ணீர் குடை மாதிரி விரிந்து, அவசரமே இல்லாமல் கன்றுகள் மேல் இறங்கியது. "தங்கமா வருது. என் பழைய வால்வு திரும்பி வந்துடுச்சு."

"எங்கேர்ந்து?"

"மேலேர்ந்து," என்று கட்டடத்தைக் காட்டினார், ஊருக்குப் போன பிள்ளை திரும்பியதைச் சொல்வது போல.

அண்ணி சுவரோரம் போய்க் கொடியை விலக்கினார். பார்த்தார். விரலால் தொட்டார். கொடியைப் பழையபடி மூடினார்.

"நாலு மணிக்கு ஒரு கூட்டம் இருக்கு. வர முடியுமா?"

"எனக்கு எதுக்கு? அங்க பேச்சுதான் இருக்கும்."

"பேச்சைக் குறைக்கத்தான் கூப்பிடறேன்."

அந்த நேரத்தில் கொழுந்தன் ஒரு கையால் சுவரையும் மறு கையால் தன்னையும் பிடித்தபடி வந்து சேர்ந்தான். "ஒண்ணுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் தடவியாச்சு. ஒரு கீறல்கூட இல்லை. என் முழங்கால்ல வேணா ரெண்டு பள்ளம் இருக்கு, அது போதுமா?"

"போதும் தம்பி," என்று அண்ணி சிரித்தார். "நீ தரைத் தளத்தை விட்டுட்ட."

நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். ஜலதோஷம் பிடித்தவர். கைக்குட்டையோடு வாழ்பவர். அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். ஃபயர்மேன் வணக்கம் சொன்னபோது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அது ஜலதோஷத்துக்காக மட்டும் இல்லை.

பதின்மூன்றாம் மாடியில் வால்வு திறக்கப்பட்டது. தண்ணீர் பாய்ந்தது. ஸ்கூட்டர் இம்முறை இல்லை. தலைவர் நீருக்கு ஈடாகப் பேசினார். நிர்வாகம் என்றார், தொலைநோக்கு என்றார், கோப்பை என்றார். கோப்பையை மட்டும் இரண்டு முறை.

"சரி, முடிச்சுக்கலாமா?" என்றார் அதிகாரி.

"ஒரே ஒரு சின்னக் கேள்வி சார்," என்றார் அண்ணி. "தலைவர் ஐயா, இவர் ஸ்பேனரால அடிச்சது இந்த வால்வைத்தானா?"

"இதே வால்வைத்தான். இரண்டு பள்ளங்கள். என் விரலால் தடவிப் பார்த்தேன்."

"சாருக்குக் காட்டுங்களேன்."

தலைவர் குனிந்தார். வலமிருந்து தடவினார். இடமிருந்து தடவினார். பித்தளையில் தெரிந்த அவருடைய முகம் நீண்டது, அகன்றது, கடைசியில் சுருங்கியது.

"மெருகூட்டலில் மறைந்திருக்கக் கூடும்," என்றார்.

"தேய்ச்சா அழுக்கு போகும். பள்ளம் எப்படிங்க போகும்?" என்று அதிகாரி தும்மினார்.

"லிஃப்ட்ல போயிருக்கும் சார்," என்றான் கொழுந்தன். "கீழ தோட்டத்துல இறங்கியிருக்கு. வாங்க, காட்டறோம்."

தோட்டத்தில் அண்ணி கொடியை விலக்கினார். தரைத் தளத்து வால்வின் பக்கவாட்டில் பளபளப்புக்கு நடுவே இரண்டு பள்ளங்கள், அருகருகே. அதிகாரி ஃபயர்மேனின் ஸ்பேனரை வாங்கி, அதன் முனையை ஒரு பள்ளத்தில் வைத்தார். சாவி பூட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

"அன்னைக்கு நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"தோட்டத்துக்கா சார்? எனக்கு மேல கொஞ்சம் வேலை இருந்துச்சு."

"இதைத் திறந்தா எவ்வளவு தண்ணி வரும்னு நினைக்கறீங்க?"

ஃபயர்மேன் கன்றுகளைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். இத்தனை நாள் தூக்கம் கெடுத்த கணக்கு அவருக்கு அந்த மண்ணிலேயே விடை சொல்லிவிட்டது. "மெதுவா வரும் சார். இது தரைத் தளத்துக்காக நல்லா நெரிச்சு வெச்ச வால்வு. இங்க பம்புக்குப் பக்கத்துல இருக்கறதால, இவ்வளவு நெரிச்சாதான் சரி. இதைக் கொண்டுபோய்ப் பதின்மூணாவது மாடியில மாட்டினா, அங்க வர்ற கொஞ்ச வேகத்தையும் இதே மாதிரி நெரிக்கும். பூட்ஸ் மேலதான் விழும்."

"அந்த மாடியோட வால்வு இங்க வந்தா?"

"ரோஜாச் செடி பறக்கும்," என்றார் அண்ணி. "பறந்திருக்கு. தேய்ச்சு முடிச்சு மாட்டும்போது ரெண்டும் இடம் மாறியிருக்கு. தீப்பிடிச்ச பிறகு யாரோ சத்தமில்லாம பழைய இடத்துலயே மாட்டியிருக்காங்க. பள்ளத்தை மட்டும் மாத்த முடியலை."

தலைவர் மார்பை விரித்தார். "இது விஷமிகளின் சதி. எமது கட்டடத்தின் வளர்ச்சியைக் காணப் பொறுக்காத தீய சக்திகள் இருளின் போர்வையில்..."

"ஏங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மண் அப்பிய கையுறையோடு அந்தப் பெண்மணி பாத்தி ஓரம் நின்றிருந்தார்.

"நீ எதுக்கு இப்போ இங்க வந்தே?" என்றார் தலைவர்.

அன்று காலையிலிருந்து அவர் மேடையில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "மைக் ஆஃப் ஆயிடுச்சு அண்ணி," என்று கொழுந்தன் கிசுகிசுத்தான். "இவங்க அவரோட வீட்டம்மாவா?"

"என் செடியை மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க எல்லாரும்," என்றார் தலைவரம்மா. "சார், அந்த வால்வை எடுத்துட்டுப் போக மட்டும் விட மாட்டேன். ஒரு மாசம் இவர்கிட்ட சண்டை போட்டு வாங்கினது."

"இதுதான் பதின்மூணாவது மாடியில இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரி கைக்குட்டையை இறக்கினார்.

"வீடியோ பார்த்தேனே. ஊரே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தத் தண்ணி விழற அழகை நான் தினமும் பார்த்தவ. குடை மாதிரி விரிஞ்சு, மெத்துனு. அட, இது என் ரோஜாத் தண்ணியாச்சேன்னு தோணிச்சு. உடனே இவரைக் கூப்பிட்டு, என் வால்வு பதின்மூணுல இருக்கு, கொண்டு வந்து கொடுங்கன்னு சொன்னேன்."

"கொடுத்தாரா?"

"அதான் ஆச்சரியம். ஒரு மாசமா நான் கேட்டதுக்கெல்லாம், வேகம்தான் வளர்ச்சியின் அடையாளம்னு வசனம் பேசினவர், அன்னைக்கு மறுபேச்சு பேசலை. மூஞ்சி வெளுத்துப் போச்சு. பிளம்பரைக் கூப்பிட்டு, அதை இங்கயும் இதை அங்கயும் உடனே மாத்திட்டார். கட்டின பொண்டாட்டி சொன்னா கேக்கற மனுஷன்தான்னு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன்."

ரப்பர் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"புகார் அதுக்கு மறுநாள் வந்துச்சு சார்," என்றார் அண்ணி.

தலைவரம்மா ஃபயர்மேனைப் பார்த்தார். அவருடைய சீருடையை, கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க. தெரிஞ்சுக்கிட்டே இந்தத் தம்பி மேலயா பழியைப் போட்டீங்க?"

"சூழ்நிலையின் நிர்ப்பந்தம் காரணமாக..."

"வீட்டுல பேசற மாதிரி பேசுங்க."

தலைவரின் மார்பு பழைய அளவுக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. "கோப்பையைத் திருப்பிக் கேட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்," என்றார்.

அதற்குள் கொழுந்தன் வரவேற்பறைப் புகைப்படத்தை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தான். அண்ணி காலையில் அதன் முன்னால் நின்றது எதற்கென்று இப்போதுதான் அவனுக்கும் புரிந்தது. "சார், ஒவ்வொரு வால்விலயும் மாடி நம்பர் அடிச்ச ஒரு தகடு கம்பியில தொங்கும்னு இங்க வர்ற வழியிலயே ஃபயர்மேன் சொன்னார்," என்றார் அண்ணி. "இதுல ஒண்ணுலயாவது தகடு இருக்கா பாருங்க."

அதிகாரி பார்த்தார். வால்வுகள் மின்னின. தகடு ஒன்றுமில்லை.

"போட்டோவுக்கு அசிங்கமா இருந்துச்சு," என்றார் தலைவர் தரையைப் பார்த்தபடி. "கழட்டச் சொல்லிட்டேன். பளபளப்பு அதிகமா இருந்ததை, ஆய்வுக் குழு பார்க்கற மாடியில மாட்டச் சொன்னேன்."

ஃபயர்மேன் அழுத்தமானிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இப்போது அவர் குரலில் வருத்தம் இல்லை, வேலை இருந்தது. "சார், மாறினது இந்த ரெண்டு மட்டும்தான்னு நம்பறீங்களா? பன்னிரண்டு நல்லா இருந்தது என் அதிர்ஷ்டம். இந்தக் கட்டடத்துல ஜனங்க தூங்கறாங்க. ஒவ்வொரு மாடியிலயும் தண்ணியை ஓட விட்டுப் பார்த்துடலாம். இப்பவே."

அதிகாரி அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "உங்க மேல விசாரணை முடிஞ்சது. தப்பு உங்களுது இல்லைன்னு எழுதிடறேன்," என்றவர் தலைவரிடம் திரும்பினார். "தகடுங்க எங்கே?"

பெயின்ட் அறையில் ஒரு வாளிக்குள் கிடந்தன. தலைவரே அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் ஃபயர்மேன் தண்ணீரை ஓட விட்டு முள்ளைப் படித்து எண்ணைச் சொல்ல, எந்த மாடிக்குரிய வால்வோ அந்த மாடியின் தகட்டைத் தலைவர் தன் கையாலேயே கம்பி முறுக்கிக் கட்டினார். ஒன்பது வால்வுகள் வேறு வீட்டில் குடியிருந்தன. ஆறாவது மாடியில் "தோழர்களே" என்று ஆரம்பித்தார். ஏழாவதற்கு ஏறும்போது மூச்சுதான் மிஞ்சியது.

தரைத் தள வால்விலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றும்போது மட்டும் ஃபயர்மேன் தயங்கினார். "அம்மா, இது நெருப்புக்கு வெச்ச தண்ணி. இனிமே செடிக்கு எடுக்கக் கூடாது."

"அப்போ என் ரோஜாவுக்கு?" என்றார் தலைவரம்மா.

மறுநாள் காலை, மணி அடிக்காமல் ஒரு தீயணைப்பு வண்டி தோட்டத்தின் ஓரம் வந்து நின்றது. அறிக்கைக்குக் கையெழுத்துப் போட வந்திருந்த அண்ணியும் கொழுந்தனும் எட்டிப் பார்த்தார்கள். ஃபயர்மேன் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஹோஸ்களுக்கு மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பிளாஸ்டிக் பூவாளிகள்.

"ஸ்டேஷன்ல நிறைய சேர்ந்து போச்சும்மா. எந்தக் கலர் வேணும்?"

தலைவரம்மா பச்சையை எடுத்து நிரப்பிச் சாய்த்தார். தண்ணீர் குடை மாதிரி விரிந்து கன்றுகள் மேல் இறங்கியது. "அதே அழகு," என்றார்.

கொழுந்தன் போனை உயர்த்திப் பிடித்தான். "அண்ணி, இதை வீடியோ எடுத்துப் போடட்டுமா?"

"வேலை ஒழுங்கா நடக்கறதை யார்டா பார்ப்பாங்க?"

"பேரு போட்டா பார்ப்பாங்க. என்ன பேரு போடறதுன்னுதான் தெரியலை."

"ஏன், நல்ல பேராத்தான் இருக்கே. பூவாளின்னே போடு தம்பி," என்றார் பூவாளி, இன்னொன்றை நிரப்பிக்கொண்டே. "என் பொண்ணுகிட்ட காட்டணும்."